அத்தியாயம் 6: 22 என்று சிமிட்டினால்

பழைய காரின் செக் லைட் எரிந்ததும் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: எந்த சென்சார் போய்விட்டது? இயல்பான கேள்விதான், ஆனால் இன்ஜின் கம்ப்யூட்டரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அது சென்சாரைப் பார்த்ததே இல்லை. தன் முனைகளில் வந்து சேரும் வோல்டேஜ்தான் அதற்குத் தெரிந்த உலகம். அந்த வோல்டேஜ் நடக்கவே முடியாத ஓர் அளவுக்குப் போய், குறிப்பிட்ட நேரம் அங்கேயே நின்றால், எந்த முனையில் அப்படி ஆனது என்பதை ஓர் எண்ணாகப் பதிந்து வைத்துக்கொள்கிறது. அட்டவணையில் ‘கூலன்ட் சென்சார்’ என்று அச்சாகியிருப்பது அந்த முனையின் பெயர். முனைக்கும் சென்சாருக்கும் நடுவே நீளமான வயரிங் இருக்கிறது, கப்ளர்கள் இருக்கின்றன, எர்த் இணைப்பு இருக்கிறது, சில கார்களில் எலிக் குடும்பமும் இருக்கிறது. அவற்றில் எது கெட்டாலும் அதே எண்தான் வரும். குறியீட்டைச் சரியாக வாசிப்பது என்றால் இந்த இடைவெளியை மறக்காமல் வாசிப்பதுதான்.

எடுத்துக்காட்டுக்கு 1990களின் டொயோட்டா கொரோலாவை வைத்துக்கொள்கிறேன். 4ஏ-எஃப்ஈ, 5ஏ-எஃப்ஈ, 7ஏ-எஃப்ஈ இன்ஜின் பொருத்திய கார்கள் இவை. இந்தியாவுக்கு டொயோட்டா 2000இல் குவாலிஸுடன்தான் வந்தது, ஆகவே தமிழ்நாட்டில் இவை அபூர்வம். ஜப்பானில் ஓடி முடித்து இறக்குமதியான இந்தத் தலைமுறைக் கார்கள் இலங்கைச் சாலைகளில் ஏராளம். வேறு நிறுவனத்தின் பழைய கார் வைத்திருப்பவரும் வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எண்களை மட்டும் எடுத்துச் செல்லக் கூடாது. ஏன் என்பதற்கு 12 என்ற ஒரே எண் போதும். 1996க்கு முந்தைய ஜிஎம் கார் ஒன்றில் 12 முனைக் கப்ளரின் ‘ஏ’, ‘பி’ முனைகளை இணைத்துச் சாவியைத் திருப்பினால், விளக்கு முதலில் 12 என்று மூன்று முறை சிமிட்டும். அங்கே அது கோளாறே இல்லை. இன்ஜின் ஓடாததால் சுழற்சிச் சைகை வரவில்லை என்கிறது கம்ப்யூட்டர், அது உண்மையும்கூட. டொயோட்டாவில் அதே 12, செல்ஃப் அடித்தபோதும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து சுழற்சிச் சைகை வந்து சேரவில்லை என்ற கோளாறு. அந்தக் கால கிரைஸ்லரிலோ 12 என்றால் பேட்டரியை யாரோ அண்மையில் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இணையத்தில் கிடைக்கும் பொதுப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு பழைய காரை வாசிப்பவர், தெலுங்கு அகராதியை வைத்துக்கொண்டு கன்னடம் படிப்பவர். எழுத்து கண்ணுக்குப் பழகினதுபோல இருக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கையடக்க புளூடூத் ஸ்கேனரைச் செருகி மொபைலில் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். அந்த ஸ்கேனர்கள் பேசுவது ஓபிடி-2 என்ற பொது மொழியை. கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் 1988ஆம் மாடல் ஆண்டிலிருந்து கார்களில் தானே கோளாறு கண்டறியும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியபோது, விளக்கு இருக்க வேண்டும், குறியீடு இருக்க வேண்டும் என்றதே தவிர, எல்லாரும் ஒரே குறியீட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. பொது மொழி 1994இல் படிப்படியாக நுழைந்து, அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் 1996இல் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. இந்தியாவில் ஓபிடி-1 2010 ஏப்ரலில் வந்தது, ஓபிடி-2 2013 ஏப்ரலில். ஆகவே தயாரிப்பு ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. எந்தச் சந்தைக்காகச் செய்த கார் என்பதையும் பார்க்க வேண்டும். கப்ளரின் வடிவத்தையும் நம்ப முடியாது. 1994, 1995 ஜிஎம் கார்கள் சிலவற்றில் 16 முனைக் கப்ளர் இருக்கும், உள்ளே பேசுவது பழைய மொழியாக இருக்கும். ஸ்கேனர் இணையவில்லை என்றால் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று அறிவித்துவிடுபவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று புரியாத மொழியில் பேசிக்கொண்டிருந்தன, அவ்வளவே.

கொரோலாவில் தேவைப்படும் கருவி ஒரு துண்டு வயர். பானெட்டுக்குள் ‘டயக்னாஸ்டிக்’ என்று மூடியில் எழுதிய சிறு பெட்டி இருக்கும். மூடியின் உட்புறத்தில் முனைகளின் பெயர்ப் படம் உண்டு. பேட்டரி 11 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கியர் நியூட்ரலில், ஏசி உள்ளிட்ட எல்லாம் அணைந்த நிலையில், ஆக்சிலரேட்டரில் கால் படாமல் இருக்க வேண்டும். டி.ஈ.1, ஈ.1 ஆகிய இரண்டு முனைகளையும் வயரால் இணைத்து, சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்ப வேண்டும். அதே பெட்டியில் பேட்டரி மின்சாரம் வரும் முனையும் இருக்கிறது, அதை ஈ.1உடன் இணைத்தால் ஃபியூஸ் போவது நிச்சயம், அதோடு நின்றால் அதிர்ஷ்டம். ஆகவே படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுச் செருகுங்கள். கோளாறு எதுவும் பதியவில்லை என்றால் விளக்கு விநாடிக்கு இரண்டு முறை என ஒரே சீராகச் சிமிட்டும். பதிந்திருந்தால், பத்தாம் இலக்கத்துக்கு அரை விநாடிச் சிமிட்டல்கள், ஒன்றரை விநாடி மௌனம், ஒன்றாம் இலக்கத்துக்குச் சிமிட்டல்கள். அடுத்த எண்ணுக்கு முன் இரண்டரை விநாடி. எல்லாம் முடிந்தபின் நாலரை விநாடி நின்று மறுபடி முதலிலிருந்து. விளக்கே எரியவில்லை என்றால் முதலில் பல்பைச் சந்தேகியுங்கள். செக் லைட் தொல்லை தாங்காமல் பல்பைக் கழற்றிவிட்டு விற்ற கார்கள் சந்தையில் உண்டு. பல்பு நன்றாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

விளக்கு 22 என்று சிமிட்டுகிறது என்று கொள்வோம். அட்டவணையில் கூலன்ட் வெப்பநிலைச் சுற்று. கம்ப்யூட்டர் ஒரு மின்தடை வழியாக இந்தச் சுற்றுக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் சென்சார், சூடேறச் சூடேறத் தடை குறையும் வகையைச் சேர்ந்தது: 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம். எனவே இன்ஜின் குளிர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் முனையில் வோல்டேஜ் அதிகம், சூடானால் குறைவு. வயர் எங்காவது அறுந்தால் வோல்டேஜ் முழு 5க்கு ஏறிவிடும். உலகில் எந்த ஊரிலும் கார் ஓடாத குளிர் அது. வயர் உடலில் உரசி ஷார்ட் ஆனால் பூஜ்யத்துக்கு இறங்கும். எந்த இன்ஜினும் தாங்காத வெப்பம். இந்த இரண்டு எல்லைகளில் ஒன்று அரை விநாடி நீடித்தால் 22 பதியும். இவ்வளவுதான் கம்ப்யூட்டரின் சாட்சியம். சென்சாரா, வயரா, கப்ளரா என்று அது சொல்லவே இல்லை. சொல்ல வைக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சென்சாரின் கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வயர் பக்கத்து இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஏறக்குறைய 5 வோல்ட் இருந்தால் கம்ப்யூட்டர், வயர், எர்த் மூன்றும் ஒரே அளவில் தேறிவிட்டன. மிச்சம் சென்சாரும் அதன் கப்ளரும்தான். வோல்ட் இல்லை என்றால் புது சென்சார் வாங்குவது வீண். அறுந்த இடத்தைத் தேட வேண்டும். ஒரு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் சென்சாரை மாற்றி, மறுநாள் விளக்கு எரிந்ததும் ‘போலி பார்ட்’ என்று கடைக்காரரைத் திட்டுவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் சரியாகத்தானே நிற்கிறது என்ற சமாதானமும் உதவாது. முள்ளுக்கு ஒற்றை வயர் சென்சார் தனியாக இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு இரண்டு வயர் சென்சார். ஒன்றின் நலம் இன்னொன்றுக்குச் சான்று ஆகாது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும்: 22 வந்தும் கார் நன்றாகத்தானே ஓடுகிறது, அப்படியானால் குறியீடு பொய் சொல்கிறதா? குறியீடு பொய் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் பொறுமையாகச் சமாளிக்கிறது. இந்தச் சுற்று நம்பத்தகாதது என்று முடிவானதும், கூலன்ட் 80 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொண்டு அது கணக்குப் போடத் தொடங்குகிறது. காற்று வெப்பநிலைச் சுற்று, அதாவது 24, பழுதானால் 20 டிகிரி என்று வைத்துக்கொள்கிறது. சூடான இன்ஜினுக்கு 80 டிகிரி என்ற கற்பனை கிட்டத்தட்ட உண்மையே, அதனால் ஓட்டும்போது வித்தியாசம் தெரிவதில்லை. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கிடைக்காததால் காலையில்தான் ஸ்டார்டிங் டிரபிள் வரும். அதுவும் யாழ்ப்பாணத்து வெயிலில் உணராமலே போகலாம். நுவரெலியாவின் அதிகாலையில் செல்ஃப் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாச் சுற்றுக்கும் இந்தப் பொறுமை கிடையாது. 14 என்பது, கம்ப்யூட்டர் இக்னைட்டருக்குப் பொறி கொடுக்கச் சொல்லியும் ‘கொடுத்துவிட்டேன்’ என்ற பதில் சைகை திரும்பி வரவில்லை என்பது. தொடர்ந்து சில முறை பதில் வராவிட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பொசுக்கக் கூடாதே என்ற எச்சரிக்கை. ஆகவே ‘கார் ஓடுகிறதா’ என்பதைக் குறியீட்டின் உண்மைக்கு உரைகல்லாக வைக்க முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. வோல்டேஜ் எல்லையைத் தாண்டினால்தான் குறியீடு என்றால், எல்லைக்குள்ளேயே தவறாக இருக்கும் வோல்டேஜ் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதே கூலன்ட் சென்சாரின் கப்ளர் பச்சை பூத்து, கூடுதலாக 2 கிலோ ஓம் தடையைச் சேர்த்துவிட்டது என்று வையுங்கள். சென்சார் புத்தம் புதிது, 80 டிகிரியில் நேர்மையாக 300 ஓம் காட்டுகிறது. கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருவதோ 2.3 கிலோ ஓம். அதன் கணக்கில் இன்ஜின் இன்னும் 20 டிகிரியில் இருக்கிறது. நம் ஊரில் நம்பத்தகுந்த அளவுதானே. விளக்கு எரியாது, குறியீடு பதியாது. இன்ஜின் சூடாகவில்லை என்று நம்பும்வரை ஆக்சிஜன் சென்சாரின் பேச்சையும் கம்ப்யூட்டர் கேட்பதில்லை. மைலேஜ் விழும், பிளக் கரியாகும், ஐடிலிங் ஏறி நிற்கும். முழுதாக அறுந்திருந்தாலாவது 80 டிகிரி என்ற கற்பனையில் ஒழுங்காக ஓடியிருக்கும்! மேனிஃபோல்டு வெற்றிடத்தை அளக்கும் சென்சாரும் இப்படித்தான். குறியீடு 31 வருவது அதன் மின்சுற்று அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான். சென்சாருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்துப் பிதுங்கியிருந்தால் மின்சாரத்தில் ஒரு குறையும் இல்லை. சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தை மிகச் சரியாக அளந்து சொல்கிறது, கம்ப்யூட்டர் த்ராட்டில் முழுக்கத் திறந்திருப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கொட்டுகிறது. ‘செக் பண்ணியாச்சு, ஒரு கோடும் இல்லை, இன்ஜின் வேலை பார்க்கணும்’ என்று சொல்லப்படும் கார்களில் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது இந்த ஹோஸைத்தான்.

ஆக்சிஜன் சென்சாரைச் சார்ந்த குறியீடுகளில் இடைவெளி இன்னும் அகலம். சில சந்தைகளுக்கான கொரோலாவில் 21 மட்டும்தான் இருக்கும், சிலவற்றில் 25, 26 என்பவையும் உண்டு. 21 சென்சார் சுற்றைப் பற்றியது. 25 என்றால் கலவை மெலிவாக இருக்கிறது, 26 என்றால் செறிவாக இருக்கிறது. 25ஐக் கண்டதும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் 102 காட்டியதற்காகத் தெர்மாமீட்டரை மாற்றுவது மாதிரி. இந்த சென்சார் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மட்டும் உணர்ந்து, செறிவுக்கு 0.9 வோல்ட் அளவிலும் மெலிவுக்கு 0.1 வோல்ட் அளவிலும் காட்டும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகிறது என்று கொள்ளுங்கள். உள்ளே போன காற்றும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே வெளியேறுகின்றன. பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கிறது, சைலன்சரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஆனால் எரியாத ஆக்சிஜனைக் கண்ட சென்சார் ‘மெலிவு’ என்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் கூட்டுகிறது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு அதே பொய்த்தோற்றம். எனவே 25க்குச் சந்தேகப்பட்டியல் நீளம்: இன்டேக் கேஸ்கெட் வழியாகக் காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தக் குறைவு, அடைத்த இன்ஜெக்டர், எக்ஸாஸ்ட் விரிசல், பழைய பிளக் வயர். சென்சார் அந்தப் பட்டியலின் கடைசிப் பெயராக இருக்கட்டும்.

பல எண்கள் சேர்ந்து வந்தால் பலரும் மனம் தளர்ந்து ‘கம்ப்யூட்டரே போச்சு’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். எனக்கு ஒற்றை எண்ணைவிட இந்தக் கூட்டம்தான் பிடிக்கும், ஏனென்றால் கூட்டத்துக்குப் பொதுவான ஒன்று இருந்தே ஆக வேண்டும். 22, 24, 31, 41 நான்கும் ஒன்றாக வந்திருந்தால், கூலன்ட், காற்று வெப்பம், வெற்றிடம், த்ராட்டில் ஆகிய நான்கு சென்சார்களும் ஒரே வாரத்தில் செத்தன என்று நம்புவதைவிட, நான்குக்கும் பொதுவான ஈ.2 என்ற எர்த் வயர் அறுந்தது என்று நம்புவது எளிது. அளந்து பார்ப்பதும் எளிது. எண்களின் வரிசையை வைத்துக் கதை பின்னக் கூடாது. இந்தக் கம்ப்யூட்டர் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குச் சிமிட்டுகிறதே தவிர, நடந்த வரிசையில் சிமிட்டுவதில்லை. எது நேற்று நடந்தது, எது போன வருடம் முந்தைய உரிமையாளர் காலத்தில் நடந்தது என்ற தேதியும் அதன் நினைவில் கிடையாது. புதிய கார்களில் கோளாறு நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பம் எல்லாம் சேர்ந்து பதிவாகும். இங்கே அந்த வசதி இல்லை. சில எண்கள் விளக்கை எரியவிடாமலே பதியும். சில எண்கள் இரண்டு ஓட்டங்களில் அடுத்தடுத்து நேர்ந்தால்தான் விளக்குக்கு வரும்.

அதனால்தான் அழிப்பது பற்றிய பழைய சண்டை. ‘முதலில் அழித்துவிட்டு ஓட்டிப் பார், திரும்ப வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது ஒரு கட்சி. ‘அழிக்கவே கூடாது, சாட்சி போய்விடும்’ என்பது இன்னொன்று. தேதி இல்லாத நினைவில் பழையதையும் புதியதையும் பிரிக்க வேறு வழி இல்லாததால் அழிக்கத்தான் வேண்டும், ஆனால் எழுதி வைத்த பிறகு. சாவியை அணைத்து ஈ.எஃப்.ஐ. ஃபியூஸைக் கழற்றி அரை நிமிடமாவது வைத்திருந்தால் நினைவு போய்விடும். குளிர் பிரதேசத்தில் இன்னும் நேரம் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் அழியும், கூடவே கடிகாரமும் ரேடியோ நினைவும் போகும். எந்த வழியில் அழித்தாலும் கம்ப்யூட்டர் ஓட்டத்தில் கற்றுவைத்திருந்த சிறு திருத்தங்களும் போவதால், முதல் சில மைல்களுக்கு ஐடிலிங் தடுமாறினால் புதுக் கோளாறு என்று பதற வேண்டியதில்லை. இதையெல்லாம்விடத் தன் காதே நம்பகமானது என்று சொல்லும் அனுபவசாலி மெக்கானிக்குகளை நான் மறுக்கவில்லை; ஹோஸ் கசிவையும் விரிசலையும் காது கண்டுபிடிக்கும், கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது. ஆனால் மேடு பள்ளத்தில் மட்டும் அரை விநாடி விட்டுப்போகிற கப்ளரை, கார் பட்டறையில் நிற்கும்போது எந்தக் காதும் கேட்க முடியாது. கம்ப்யூட்டர் கூடவே ஓடியிருக்கிறது.

விட்டுவிட்டு வரும் அந்த மாதிரிக் கோளாறுக்காகவே இந்த டொயோட்டாக்களில் சோதனை நிலை ஒன்று இருக்கிறது. சாவி அணைந்திருக்கும்போது டி.ஈ.2ஐ ஈ.1உடன் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் விளக்கு வழக்கத்தைவிட வேகமாகப் படபடக்கும். கம்ப்யூட்டர் இப்போது கூர்ந்து கவனிக்கிறது என்று பொருள். இன்ஜினைக் கிளப்பி ஓட்டி, சந்தேகமான கப்ளர்களை ஆட்டிப் பார்த்தபின் டி.ஈ.1ஐயும் இணைத்து வாசிக்கலாம். செல்ஃப் அடிக்காமலே வாசித்தால் 43 வரும், மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டாவிட்டால் 42 வரும், ஏசி ஓடினாலோ ஆக்சிலரேட்டரில் கால் இருந்தாலோ 51 வரும். இவை மூன்றும் நீங்கள் செய்ததையும் செய்யாததையும் கம்ப்யூட்டர் கண்டபடி சொல்வது. இவற்றுக்காகக் கடைக்குப் போக வேண்டாம். வேலை முடிந்ததும் வயரைப் பிடுங்கிப் பெட்டியின் மூடியைப் போட மறக்காதீர்கள். டி.ஈ.1, ஈ.1 இணைந்திருக்கும்போது இந்த இன்ஜின்கள் ஐடிலிங்கில் இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி வைத்துக்கொள்ளும். டைமிங் லைட் பிடித்துச் சரிசெய்ய வசதியாகச் செய்த ஏற்பாடு அது. வயர் அப்படியே கிடந்தால், அடுத்து டைமிங் பார்க்க வருபவர் காரணம் புரியாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகிக்கொண்டிருப்பார்.